காரைக்குடிப் பக்கம் வருமான வரிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு: விகிதம், தேதி, காகிதம்

2025 பிப்ரவரியில் அப்பச்சியின் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) பாஸ்புக்கை வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெபாசிட் வட்டி வர வேண்டிய இடத்தில் ஒவ்வொரு காலாண்டிலும் 60,000-க்குப் பதில் 48,000தான் வந்திருந்தது. வங்கியில் போய்க் கேட்டால், "ஐயாவோட பான் செயலில் இல்லைன்னு காட்டுது சார், அதான் 20 சதவீதம் பிடிச்சிருக்கு" என்றார்கள். அப்பச்சிக்கு அப்போது 77 வயது. ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டாத வருமானம். கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டும் புள்ளி வரியில் ஒரு வருஷம் தவறாதவர், "வரியே இல்லாத ஆளுக்கு எதுக்குடா ரிட்டன்?" என்று கேட்டார்.

2023–24-இல் பிடித்த 36,000 இன்னும் கைக்கு வரவில்லை. அதைத் திருப்பிக் கேட்பதற்கான கடைசி நாள், நீட்டித்த பிறகும், 2025 ஜனவரி 15. நான் பாஸ்புக்கைப் பிரித்ததே அதற்குப் பிறகு. 2024–25-இல் பிடித்த 48,000-ஐ ஆறேழு மாதம் அலைந்து வாங்கிவிட்டேன். விகிதத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. தேதியும் காகிதமும்தான் ஆளைக் கொன்றன. ஆகவே மூன்றையும் வேலை செய்ய வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

1. எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறோம்?

நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடியும். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் வந்த வருமானத்துக்கு அடுத்த ஜூலையில் கணக்குக் கொடுக்கிறோம். 2025–26-இல் சம்பாதித்ததற்கு 2026 ஜூலையில். தளத்தில் கணக்கீட்டு ஆண்டு என்று கேட்பார்கள். இதற்கு அது 2026–27. முதல் தடவை போடுகிறவர்களில் பாதிப் பேர் இங்கேயே தப்பான ஆண்டைத் தொட்டுவிட்டு, "என் டி.டி.எஸ். (முன்னாலேயே பிடித்த வரி) எதுவும் காட்டவில்லையே" என்று திண்டாடுவார்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் நிதியாண்டு, கணக்கீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பேச்சு போய், வரி ஆண்டு என்ற ஒரே சொல் வரும். பிரிவு எண்களும் மாறும். ஆனால் 2025–26 வருமானத்துக்குப் பழைய சட்டம்தான். அதனால் கீழே பிரிவு எண்களை வைத்து உங்களைக் குழப்பப் போவதில்லை.

2. பானும் ஆதாரும் கைகோத்திருக்கின்றனவா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது. வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தின் முகப்பிலேயே ஆதார் இணைப்பு நிலையைப் பார்க்கலாம். உள்ளே நுழையக்கூடத் தேவையில்லை. இணைக்காத பான் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தது. செயலிழந்த பானுக்கு வங்கி 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிக்கும். ரீஃபண்டும் வராது. இதைவிடக் கொடுமை, எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள் என்று நீங்கள் கொடுத்த 15எச் படிவத்தை வங்கி ஏற்காது. அப்பச்சி அந்தப் படிவத்தை ஒழுங்காகக் கொடுத்துத்தான் வந்திருக்கிறார். 80 வயது கடந்தவர்களுக்கு இந்த இணைப்பிலிருந்து விலக்கு உண்டு; அவருக்கு மூன்று வயது குறைந்துபோனது.

தாமத இணைப்புக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தளத்திலேயே கட்டிவிட்டு இணைக்கக் கோர வேண்டும். அதன் பிறகு பான் உயிர்பெற 30 நாள் வரை ஆகலாம். இது எளிதாகத்தான் தெரிகிறது. நமக்கு மாட்டுவது பெயரில்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னெழுத்து ஒன்றா இரண்டா? எஸ்பி., எல்., ஆர்எம். என்று மூன்று தலைமுறை வால் பிடித்து நிற்கும். பான் அட்டை முன்னெழுத்தை விரித்துப் பெயராக்கிவிடும். ஆதாரில் "ஆர்எம்" என்பது அப்படியே இரண்டு எழுத்தாகக் கிடக்கும். வங்கியில் மூன்றாவது விதம். அப்பச்சிக்கு ஆதாரில் ஒரு பெயர், பானில் அதே பெயருக்கு முன்னால் எங்கள் ஐயாவின் முழுப்பெயர் (தாத்தாவை நாங்கள் ஐயா என்போம்). இணைப்பு இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது.

எதைத் திருத்துவது? என் அனுபவத்தில், வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஒத்துப்போகாத ஒன்றை மட்டும் திருத்துங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் மூன்றும் மூன்று விதமாகத் திரும்பி வரும். பான் திருத்தத்துக்கு, அட்டை வீட்டுக்கு வர வேண்டுமென்றால், 107 ரூபாய். எனக்குப் பதினெட்டு நாளில் வந்தது.

அடுத்த பொறி, ஆதாரில் உள்ள கைபேசி எண். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். அப்பச்சியின் ஆதாரில் இருந்தது என் தம்பி பத்து வருஷத்துக்கு முன்னால் பயன்படுத்திய, இப்போது இல்லாத எண். ஆதார் மையத்துக்கு அவரை ஆட்டோவில் கூட்டிப்போய், விரல் ரேகை விழாமல் கருவிழியைக் காட்டி, எண்ணை மாற்றினோம். அப்போது 50 ரூபாய், இப்போது 75. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் இந்த வேலையை மே மாத வெயிலுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

3. விகிதம்

வரி கணக்கிடப் புதியது, பழையது என்று இரண்டு முறை; ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 2025–26-க்குப் புதிய முறையில் இப்படி:

4 லட்சம் வரை இல்லை
4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம்
8 முதல் 12 வரை 10
12 முதல் 16 வரை 15
16 முதல் 20 வரை 20
20 முதல் 24 வரை 25
அதற்கு மேல் 30

வரியின் மேல் 4 சதவீத மேல்வரி. சம்பளக்காரருக்கும் பென்ஷன்காரருக்கும் 75,000 நிலைக் கழிவு. அதற்குப் பிறகு வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி வந்து வரி பூஜ்யமாகும். ஆகவே சம்பளம் மட்டும் என்றால் 12,75,000 வரை ஒன்றுமில்லை.

பழைய முறையில் 2.5 லட்சம் வரை இல்லை (60 வயதானவருக்கு 3 லட்சம், 80 ஆனவருக்கு 5 லட்சம்). பிறகு 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 வரை 20, அதற்கு மேல் 30. இதில்தான் எல்.ஐ.சி., பி.எஃப். வகைக்கு 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் என்று கழிக்கலாம்.

அழகப்பா பல்கலைக்கழகத்திலோ சிக்ரியிலோ (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) ஆண்டுக்கு 14 லட்சம் வாங்குகிறவர் என்று வையுங்கள். புதிய முறையில் 75,000 போக 13,25,000. வரி 78,750, மேல்வரியோடு 81,900. பழைய முறையில் நிலைக் கழிவு 50,000, சேமிப்பு 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் எல்லாம் கழித்து 9,75,000. வரி 1,07,500, மேல்வரியோடு 1,11,800. இவ்வளவு கழித்தும் பழைய முறை தோற்கிறது. வீட்டு வாடகைப் படியும் பெரிதாக இருக்கிறவர்கள் மட்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரி மிச்சம் என்று மார்ச் கடைசியில் பாலிசி விற்க வருகிறவரிடம், நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினால் முழு வரியும் விழுமோ என்று பயம் வேண்டாம். வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் வரி 61,500 அல்ல. தாண்டிய 10,000-மும் அதன் மேல்வரி 400-ம் மட்டுமே.

இரண்டு எச்சரிக்கை. பங்குச்சந்தை லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது; நீண்டகால லாபத்தில் 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம், குறுகியகால லாபத்துக்கு 20 சதவீதம் தனியே உண்டு. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிற என்.ஆர்.ஐ. உறவினர்களுக்கும் தள்ளுபடி இல்லை. "இங்கே 12 லட்சம் வரை இல்லையாம்ல" என்று அண்ணன் போனில் சந்தோஷப்பட்டால், இதைச் சொல்லிவிடுங்கள்.

4. "வரி இல்லை, அதனால் ரிட்டன் வேண்டாம்" என்ற வதந்தி

தள்ளுபடியால் வரி பூஜ்யமானாலும், மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் கட்டாயம். வருமானம் அதற்குக் கீழே இருந்தாலும், வெளிநாட்டுப் பயணத்துக்கு உங்களுக்கோ மற்றவருக்கோ 2 லட்சத்துக்கு மேல் செலவழித்திருந்தால் கட்டாயம். தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் டேங்க் ரோட்டுத் தண்டாயுதபாணி கோயிலுக்கு ஆத்தாவையும் அப்பச்சியையும் கூட்டிப்போய் வந்தவர்கள் டிக்கெட் கணக்கை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மின்கட்டணம் ஆண்டுக்கு 1 லட்சத்தைத் தாண்டினாலும் அதே கதை. டி.டி.எஸ். 25,000, மூத்த குடிமக்களுக்கு 50,000 என்ற அளவை எட்டினாலும் அப்படியே.

75 வயதுக்கு மேல் ரிட்டனே வேண்டாம் என்று வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உட்கார்ந்து பேசுவார்கள். பாதி உண்மை. பென்ஷன், அந்தப் பென்ஷன் வருகிற அதே வங்கியின் வட்டி, இவை மட்டும் இருந்து, வங்கியில் உறுதிமொழியும் கொடுத்தால்தான். ஒரு கடை வாடகை வந்தாலே அந்தச் சலுகை போச்சு.

5. ஏப்ரல் முதல் வாரம்: வங்கிப் படிவம்

2025–26-இல் ஒரு வங்கியில் வட்டி மூத்த குடிமக்களுக்கு 1 லட்சத்தையும் மற்றவர்களுக்கு 50,000-ஐயும் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். வரி வராது என்று உறுதியாக இருந்தால் 2025–26 வரை 60 வயதானவர் 15எச், மற்றவர் 15ஜி கொடுக்கலாம் என்று இருந்தது. 15எச்-க்கு இறுதி வரி பூஜ்யமாக இருந்தால் போதும். 15ஜி கொடுக்க, வட்டி வகை வருமானமே 4 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

இந்தப் படிவம் ஒரு நிதியாண்டுக்கு மட்டும்தான் செல்லும். போன வருஷம் கொடுத்தது இந்த வருஷம் குப்பை. ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். ஒரே வங்கியில் இரண்டு வாடிக்கையாளர் எண் இருந்தால் இரண்டுக்கும் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கிளை ஒன்றில் ஆரம்பித்து, புதுக் கிளையில் மறுபடி டெபாசிட் போட்டவர்களுக்கு இது சகஜம். கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

புரோநோட்டு வட்டியும் வருமானம்தான். வங்கி வழியாக வராததால் அது துறையின் பட்டியலில் தெரியாமல் போகலாம். நாம்தான் காட்ட வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. வாடகையும் வீட்டு வரியும் பங்காளிகளும்

கடை வாடகை மாதம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000. அதில் அந்த ஆண்டு நீங்கள் கட்டிய சொத்து வரி, 6,000 என்று வையுங்கள், போக 1,74,000. அதில் 30 சதவீதம், அதாவது 52,200, பராமரிப்புக்கென்று தானாகவே கழியும். ரசீது கேட்க மாட்டார்கள். மீதி 1,21,800தான் வருமானம். புதிய முறையிலும் இது உண்டு.

சொத்து வரி கட்டியிருந்தால்தான் கழியும். பாக்கி வைத்தால் கழியாது. காரைக்குடி மாநகராட்சியானாலும் தேவகோட்டை நகராட்சியானாலும் கானாடுகாத்தான் பேரூராட்சியானாலும் அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். நான் ஏப்ரல் முதல் வாரம் வங்கிக்குப் போகிற அன்றே இதையும் முடித்துவிடுகிறேன்.

ரசீது இன்னும் ஐயா பெயரிலேயே வருகிறதா? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், கடைசியாகக் கட்டிய ரசீது ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

பூர்வீக வீட்டில் நான்கு பங்காளிகளுக்கு ஆளுக்குக் கால் பங்கு என்று தெளிவாக இருந்தால், வாடகையும் நான்காகப் பிரிந்து அவரவர் கணக்கில் வர வேண்டும். ஊரில் இருக்கிற ஒருத்தர் மொத்த வாடகையையும் வாங்கித் தன் கணக்கில் போட்டுக்கொண்டு, பிறகு மற்றவர்களுக்கு அனுப்புவார். துறையின் கண்ணுக்கு மொத்தமும் அவருடையதாகத் தெரியும். குடியிருப்பவரையே அவரவர் வங்கிக் கணக்குக்குப் பிரித்து அனுப்பச் சொல்லிவிடுவது நல்லது. பங்காளிகளில் ஒருவர் என்.ஆர்.ஐ. என்றால் அவர் பங்கு வாடகையில் குடியிருப்பவர் 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். இதைத் தெரியாமல் வாடகைக்கு விட்டவர்கள் ஏராளம். அங்கே ஆடிட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்.

பூட்டியே கிடக்கிற வீட்டுக்கு? குடியிருப்பதும் பூட்டியிருப்பதுமாக இரண்டு வீடு வரை வருமானம் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். முகப்பு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று எத்தனை கட்டு இருந்தாலும் அது ஒரே வீடுதான்.

7. முன்கூட்டி வரி

டி.டி.எஸ். போக இன்னும் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வரும் என்றால் ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும் கட்டியிருக்க வேண்டும். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு இது வேண்டாம். சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்கு அலுவலகமே பிடித்துவிடும்.

8. ஜூன் 15-க்குப் பிறகு, ஜூலை 31-க்கு முன்

ஏப்ரலிலேயே அவசரப்பட்டுப் போடாதீர்கள். கடைசிக் காலாண்டுப் பிடித்தத்தை வங்கிகள் மே 31 வரை பதிவு செய்வார்கள். அலுவலகம் தரும் வரிப்பிடித்தச் சான்றான படிவம் 16, ஜூன் 15 வாக்கில்தான் வரும். அதற்குப் பிறகு தளத்தில் ஏ.ஐ.எஸ்., படிவம் 26ஏ.எஸ். (உங்கள் வருமானத்தையும் பிடித்த வரியையும் பற்றித் துறையிடம் இருக்கும் பட்டியல்கள்) இரண்டையும் இறக்கி, பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள். ஏ.ஐ.எஸ்.-இல் ஒரே வட்டி இரண்டு தடவை வந்திருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம். நான் மறக்கவிருந்த ஒரு சின்ன சேமிப்புக் கணக்கு வட்டியும் அதில் இருந்தது.

சம்பளம், பென்ஷன், வாடகை, வட்டிக்காரர்களுக்குக் கடைசி நாள் ஜூலை 31. 2025-இல் அதைச் செப்டம்பர் 15-க்கும், கடைசி நேரத்தில் 16-க்கும் தள்ளினார்கள். அதை நம்பி இந்த வருஷம் உட்காராதீர்கள். தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குப் போடலாம். வருமானம் 5 லட்சம் வரை என்றால் 1,000, அதற்கு மேல் 5,000 தாமதக் கட்டணம். பழைய முறை வேண்டுமென்றால் ஜூலை 31-க்குள் போட்டாக வேண்டும். தாமதக் கணக்கில் அந்த வாய்ப்பே இல்லை. பங்கு நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

டிசம்பர் 31-க்குப் பிறகு வரி கட்டுவதற்கு வழி உண்டு, நான்கு ஆண்டு வரை. ரீஃபண்ட் வாங்குவதற்கு அந்த வழி திறக்காது.

செலவு? நீங்களே போட்டால் இலவசம். எளிய கணக்குக்கு எங்களிடம் ஆடிட்டர் அலுவலகத்தில் 1,500 கேட்டார்கள். முதல் வருஷம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். யாரிடம் கொடுத்தாலும் தளத்தில் உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கட்டும். இடையில் ஒருவர் எங்கள் கணக்கில் அவருடைய மின்னஞ்சலைப் போட்டுவைத்திருந்ததால், துறை அனுப்பிய தகவல் எதுவும் எங்களுக்கு வரவே இல்லை.

9. போட்டதோடு முடியாது

தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். ஆதார் ஓ.டி.பி. இருந்தால் ஒரு நிமிஷ வேலை. இல்லையென்றால் ஒப்புகைத் தாளை அச்சிட்டு, நீல மையில் கையெழுத்திட்டு, பெங்களூர் 560500-இல் இருக்கிற மையத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்பலாம். சரிபார்க்காத கணக்கு, போடாத கணக்குதான். ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே உறுதிசெய்து வையுங்கள். அங்கேயும் பெயர் ஒத்துப்போக வேண்டும். முன்னெழுத்து மறுபடி வேலை காட்டும்.

அப்பச்சியின் 2024–25 கணக்கை 2025 ஆகஸ்டில் போட்டோம். ஐந்தாவது வாரம் 48,000 வந்தது. 2023–24-இன் 36,000-க்குத் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட்டிருக்கிறேன். ஏன் தாமதம் என்பதற்கு அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டு, பெயர் ஒத்துப்போகாததால் இணைப்பு நிராகரிக்கப்பட்ட பக்கங்களின் அச்சு, வங்கி கொடுத்த வரிப்பிடித்தச் சான்று 16ஏ எல்லாம் சேர்த்துப் பதினொரு தாள். இதை எழுதுகிற 2026 மார்ச்சில் அது பரிசீலனையில் இருக்கிறது. அப்பச்சி வாரம் ஒருதடவை கேட்கிறார், "அது என்னடா ஆச்சு?"